வீடியோவில் நான் வெட்டிவிட்ட பாதி

கால்நடை மருத்துவர்களாகப் புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என் சாதனைகளை எழுதலாமென்று உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. அதனால் நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். தப்பு என்றால் எனக்குச் சரளமாக வரும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்திலேயே என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. மாடு, ஆடு, எருமை, அதைவிட்டால் கோழி. கோழிப் பண்ணைக்குள் நுழைந்தால் உடுப்பிலிருந்து அந்த வாடை போக இரண்டு சலவை ஆகும். குதிரையைக் கல்லூரியில் படித்ததோடு சரி. அதுவும் படத்தில்தான் அதிகம். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் இருக்கும்போதுதான் எங்கள் பக்கம் குதிரைகள் வரத் தொடங்கின. போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளிகள், பண்ணைக்காரர்கள், பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் என்று கையில் நாலு காசு பார்த்தவர்களுக்கெல்லாம் திடீரென்று குதிரை ஆசை வந்துவிட்டது. கார் வாங்கி அலுத்துப்போயிற்று போலிருக்கிறது. வடக்கேயிருந்து காது வளைந்த குதிரைகளாகப் பார்த்து இறக்கினார்கள். அதற்கு வயிறு வலித்தாலும் கால் வீங்கினாலும் என் கைப்பேசிதான் அடிக்கும்.

எனக்குப் பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். மாடு நொண்டினால் தூரத்திலிருந்தே எந்தக் கால் என்று சொல்லிவிடுவேன். குதிரையின் ஓட்டம் அப்படியில்லை. நாலு காலும் ஒரு நொடிக்குள் என்னென்னவோ செய்துவிட்டுப் போய்விடும். கண் இமைத்தால் முடிந்தது.

அப்போதுதான் அந்த மென்பொருள் கிடைத்தது. குதிரையும் அதன்மேல் சவாரி செய்பவரும் எப்படி அசைகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே வெளிநாட்டுக்காரர்கள் யாரோ உருவாக்கி, இலவசமாக இணையத்தில் போட்டிருந்தார்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோவை மடிக்கணினியில் ஏற்றினால் போதும். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். முழங்காலில் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கோடு கூடவே போகும். இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். காசில்லாமல் இவ்வளவா என்று நான் வாயைப் பிளந்துவிட்டேன். வீட்டில் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் நான் பார்த்த மூன்று குதிரைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இதென்னடா எல்லாக் குதிரைக்கும் ஒரே வியாதி என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கைப்பேசியை நான் சாய்த்து வைத்திருந்த பால் கேன்தான் கோணலாக நின்றிருக்கிறது. அந்த மாதிரித் தப்பெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. நான் சொல்ல வந்தது வேறு.

மென்பொருளோடு ஒரு விளக்கப்படமும் வந்தது. அதில் முதல் பாதி குதிரையைப் பற்றியது. இரண்டாம் பாதி மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. அவருடைய காது, தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று கோடு போட்டுப் பார்க்கும் முறை. நான் அந்த இரண்டாம் பாதியைத் தள்ளிவிட்டேன். நான் மிருக வைத்தியர். மனுசன் எப்படி உட்கார்ந்தால் எனக்கென்ன?

முத்துராசு திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்புக்காரர். ஆழ்குழாய் போடும் ரிக் லாரி ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். வருஷத்தில் பாதி நாள் வடக்கே மத்தியப் பிரதேசத்துப் பக்கம் போர்வெல் போடப் போய்விடுவார். எட்டு ஆட்கள் அவரோடு போவார்கள். ஆனால் லாரியின் டிரைவர் சீட்டில் மட்டும் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். அதே பிடிவாதம் அவருடைய வெள்ளைப் பெண்குதிரை விஷயத்திலும் இருந்தது. அதன் பெயர் மைனா. அவரைத் தவிர யாரும் அதன்மேல் ஏறியதில்லை.

"மைனா நொண்டுதுங்க டாக்டரம்மா. மூணு மாசமாப் பாக்கறேன். மேல ஏறி ஓட்டுனா இடது பின்னங்காலு சரியா வுழ மாட்டேங்குது" என்று கூப்பிட்டார்.

போனேன். கொட்டாய் வாசலில் மைனா நின்றது. நான் கிட்டே போனதும் தலையை என் தோளில் வைத்து மூச்சு விட்டது. அவ்வளவு சாதுவான குதிரையை நான் பார்த்ததில்லை.

"கயித்தப் புடிச்சு ஓட்டிக் காட்டுங்க" என்றேன். நொண்டும் குதிரையை முதலில் ஆளில்லாமல் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். முதல் வருஷத்துப் பாடம் அது.

"வேற யாரு புடிச்சாலும் அது ஓடாதுங்க. எனக்கு அது கூட ஓடறதுக்கு முடியறதில்லீங்க, வயசாச்சுல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த இடத்தில்தான் நான் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. நாற்பத்தாறு வயது ஆள் ஐம்பது அடி ஓட முடியாது என்றால் ஏனென்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. பையிலிருந்த மடிக்கணினியைத் திறக்க என் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறி, வாய்க்கால் கரையை ஒட்டிய மண்பாதையில் துள்ளுநடையில் ஓட்டிக் காட்டினார். நான் வீடியோ எடுத்தேன். கால்கள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று பெரிதாக்கி எடுத்தேன். சேணத்துக்கு மேலே எதுவும் படத்தில் இல்லை. எவ்வளவு தெளிவான படம் தெரியுமா! எனக்கே பெருமையாக இருந்தது.

அங்கேயே கயிற்றுக் கட்டிலில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புள்ளி வைத்தேன், கோடு இழுத்தேன். இடது பின்னங்கால் எடுத்து வைக்கும் அடி குட்டையாக விழுந்தது. அதோடு, நேராக ஊன்றாமல் வயிற்றுக்கு அடியில் உள்வாங்கி ஊன்றியது. முத்துராசுவின் மனைவி சரசு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவர் என்று நாலைந்து பேர் திரையை எட்டிப் பார்த்தார்கள். "இடுப்பு மூட்டுல கோளாறு" என்று சொன்னேன். கோடு போட்டுக் காட்டிச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆறு வாரம் மைனாவைத் தோப்புக்குள் சும்மா அவிழ்த்துவிடச் சொன்னேன். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மெதுவாகச் சவாரி. வாரத்துக்கு ஓர் ஊசி.

ஆறு ஊசி போட்டாயிற்று. ஒவ்வொரு வாரமும் அதே மண்பாதையில் அதே போலக் கால்களை மட்டும் எடுத்து, பழைய வீடியோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எள்ளளவு மாற்றமில்லை. மூன்றாம் வாரத்திலிருந்தே மைனா என்னைக் கண்டால் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

ஆறாவது வாரம் முத்துராசு தயங்கித் தயங்கிச் சொன்னார். "டாக்டரம்மா, திங்கக்கெழம வண்டி வடக்க கெளம்புது. போனா வாரதுக்கு ஆறு மாசமாவுமுங்க. அதை இப்பிடியே வுட்டுப்போட்டுப் போவ எனக்கு மனசில்லீங்க. எடப்பாடிப் பக்கம் ஒருத்தர் சூடு போடறாருங்க. வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்கறேன்."

சூடு என்றால் உங்களில் சிலர் பார்த்திருக்கமாட்டீர்கள். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, நொண்டுகிற கால் பக்கத்து இடுப்பில் கோடு கோடாக இழுப்பது.  கத்தினேன், கெஞ்சினேன், அது வைத்தியமே இல்லை, வதை என்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "அப்ப வேற என்ன பண்றதுங்க?"  இடுப்பில் கோளாறு என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான்தானே.

புதன்கிழமை லாடம் மாற்றும் நாள். லாடம் அடிக்கும் காதர் பாய் குமாரபாளையத்திலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதிகம் பேசாத ஆள். நானும் போயிருந்தேன். வேறு வழி தெரியாததால் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மைனாவின் பழைய லாடங்கள் நாலையும் கழற்றித் துடைத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"நொண்டுற குதிரைங்கறீங்க. லாடம் இப்பிடியா தேயும்?" என்றார்.

பார்த்தேன். பின்னங்கால் லாடங்கள் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. ஒன்றைக் காட்டி இது இடதா வலதா என்று கேட்டால் சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தோப்புக்குள் தானாகத் திரிகிற குதிரை இடது காலைத் தாங்கி நடந்திருந்தால் இரும்பு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

"மண்ணு மெத்துன்னு இருக்கறதால தெரியாம இருக்கும்" என்றேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மடிக்கணினியில் அத்தனை கோடு போட்டிருக்கிறேன், நாலு துண்டு இரும்பு வந்து என்னைப் பொய்யென்று சொல்வதா?

காதர் பாய் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டே கொட்டாய் வாசலைக் கண்ணால் காட்டினார். அங்கே முத்துராசுவின் தோல் செருப்பு கிடந்தது.

"லாடம் நாலும் ஒழுங்காத் தேஞ்சிருக்குதுங்க. அந்தச் செருப்புதான் ஒழுங்காத் தேயல" என்றார்.

குனிந்து எடுத்துப் பார்த்தேன். வலது செருப்பு எல்லோருடைய செருப்பையும் போலக் குதிகாலில் தேய்ந்திருந்தது. இடது செருப்பின் குதிகால் அப்படியே புதிதாக இருந்தது. நுனியில் மட்டும் தோல் அரைபட்டு ஓட்டையாகி, பெருவிரல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஏழு வீடியோக்களையும் திறந்தேன். அந்த ஆளைப் பார்க்க வேண்டும், அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒன்றில்கூட அவர் இல்லை. ஏழு வீடியோவிலும் சேணத்தோடு படம் முடிந்துபோயிருந்தது. சவாரிக்காரரையும் பார்க்கவென்றே செய்த மென்பொருளை வைத்துக்கொண்டு நான் சவாரிக்காரரை வெட்டிப் போட்டிருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தள்ளிவிட்டிருந்த அந்த இரண்டாம் பாதி விளக்கப்படத்தை அன்றைக்குத்தான் முழுவதும் பார்த்தேன்.

வியாழக்கிழமை தடுப்பூசி முகாம், நகர முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் சூடு போடுகிறவர் வந்து கரியடுப்பு மூட்டிவிட்டார். கம்பி நுனி சிவந்துகொண்டிருந்தது. மைனாவை இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். பார்க்கவென்று ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சரசு மட்டும் இந்தப் பக்கமே வராமல் வீட்டுக்குள் இருந்தார்.

"முத்துராசு, எனக்கு அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

"கம்பி ஆறிப்போயிருமுங்க" என்றார் சூடு போடுகிறவர்.

"ஆறுனா மறுபடி காச்சிக்கலாங்க. இழுத்த கோட்ட அழிக்க முடியாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். முத்துராசு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மைனாவை அவிழ்த்துத் தோப்புக்குள் விட்டோம். கட்டிலிருந்து விடுபட்ட வேகத்தில் அது வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுநடையில் இரண்டு சுற்று வந்தது. நான் வீடியோ எடுத்தேன். ஆனால் வீடியோவே தேவைப்படவில்லை. எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தது. நாலு காலும் அளந்து வைத்ததுபோல விழுந்தன. நொண்டலா? பேருக்குக்கூட இல்லை.

 சூடு போடுகிறவர்தான் முதலில் கேட்டார். "குதிரை நல்லாத்தானே ஓடுது. அப்ப அவரு ஏறுனா மட்டும் ஏனுங்க நொண்டுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலையில் நான் பட்ட இக்கட்டுகளிலேயே அதுதான் பெரிது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது குதிரையைப் பற்றிய பதில் இல்லை. திங்கட்கிழமை எட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டப் போகிற ஒரு மனிதரின் காலைப் பற்றியது. அதை அவர் வீட்டுக்காரிகூட அறியாமல் மறைத்துவைத்திருக்கிறார். ஏழெட்டுப் பேர் முன்னால் அவர் மானத்தைக் காற்றில் விட எனக்கென்ன உரிமை? சொல்லாமல் போனாலோ, மைனாவை மறுபடி கட்டிப்போட்டுச் சூடு வைப்பார்கள்.

"குதிரை மேல குத்தமே இல்லீங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். ஆறு வாரமா தப்பு வைத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றேன்.

"அப்ப ஆறு ஊசியும் யாருக்குங்க போட்டீங்க?" என்று கேட்டார் சூடு போடுகிறவர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் டாக்டரம்மா தப்பு என்று ஒத்துக்கொள்வதைப் பார்ப்பது அவர்களுக்குத் திருவிழாதான். சிரிக்கட்டும் என்று நின்றேன். சிரித்து முடித்து ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சூடு போடுகிறவர் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இளம் பிள்ளைகளே, "நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவைதான் தொண்டையில் சிக்கும்.

ஆட்கள் போனபின் முத்துராசுவிடம், "இன்னொரு தடவ ஏறி ஓட்டுங்க" என்றேன். இந்த முறை தள்ளி நின்று, மைனாவின் குளம்பிலிருந்து அவர் தலை வரைக்கும் படத்துக்குள் வரும்படி பின்னாலிருந்து எடுத்தேன். பிறகு மோட்டார் ரூமுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

"இப்ப நீங்க நடங்க. அந்தப் பூவரசு வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. வேட்டிய முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டிக்கங்க."

"ஏனுங்க, எனக்கும் கயிறு போட்டு ஓட்டப் போறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"ஆமாங்க. நடங்க."

நடந்தார். எடுத்தேன். அங்கேயே மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் குதிரைமேல் முத்துராசு. வால் முளைக்கும் இடத்திலிருந்து நேராக மேலே ஒரு கோடு இழுத்தால் அது அவர் முதுகுத்தண்டின் வழியே போக வேண்டும். போகவில்லை. மைனா ஒவ்வொரு தரம் குதிக்கும்போதும் அவர் உடம்பு இடது பக்கமாகச் சரிந்தது. அவர் இடது கால் பிடிப்பில்லாமல் தொங்கியது. மற்றதில் நடக்கும் முத்துராசு. வலது காலில் குதிகால் முதலில் மண்ணைத் தொட்டது. இடது காலில் நுனி முதலில் இடித்தது. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். முன்பாதத்தைத் தூக்கவே அவரால் முடியவில்லை.

ரிக் வண்டிக்காரர்கள் கொஞ்சம் ஆடி ஆடித்தான் நடப்பார்கள். அந்த அதிர்வில் இருபது வருஷம் உட்கார்ந்தால் யார்தான் நேராக நடப்பார்? அதனால் யாரும் கவனிக்கவில்லை. அவரும் திரையில் தன்னைப் பார்க்கும்வரை கவனிக்காதவர்போலவே இருந்துவிட்டார்.

திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "ஒரு வருசமா இந்தக் காலு என்ர காலு மாதிரியே இல்லீங்க. வேற யாரு காலையோ மாட்டி வுட்டாப்பல இருக்குது."

"வண்டி எப்படி ஓட்டறீங்க?"

"கிளட்ச்சு மேல காலு இருக்குதான்னு அப்பப்பக் குனிஞ்சு பாத்துக்குவேனுங்க."

 பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் சரசு நின்றிருந்தார். எங்களுக்கு மோர் கொண்டுவந்திருக்கிறார். சொம்பு கையில் அப்படியே நின்றது.

"குனிஞ்சு பாத்துக்குவீங்களா?" என்றார். "எட்டுப் பேர ஏத்திக்கிட்டு, ரோட்டப் பாக்காம, காலைக் குனிஞ்சு பாத்துக்குவீங்களா?"

"நீ சும்மாரு புள்ள. இந்த ஒரு சீசன் போய்ட்டு வந்து பாத்துக்கலாம். பசங்க எட்டுப் பேரும் என்னைய நம்பித்தான்..." என்று என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, ஏதாச்சும் ஒரு மாத்திரை எழுதிக் குடுங்களே."

அந்த இடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போவது எவ்வளவு சுலபம்! ஊர்ப்புறத்தில் இருக்கும்போது மனுசர்களும் நம்மிடம் மருந்து கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். எழுதாதீர்கள்.

"நான் மாட்டு டாக்டருங்க முத்துராசு. உங்க காலுக்கு என்ன வியாதின்னும் எனக்குத் தெரியாது, மருந்தும் சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தக் காலோட ஒரு குதிரை எங்கிட்ட வந்தா, அதை வண்டியில பூட்ட நான் வுடமாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நாலடி போனார். இடது செருப்பின் நுனி கல்லில் தட்டியது. அப்படியே நின்றார். ஒரு வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த சத்தம்தான். அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது.

சரசு சொம்பைப் படியில் வைத்தார். "அந்த வீடியோவ என்ர போனுக்கு அனுப்புங்க டாக்டரம்மா" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "எந்திரிச்சாச்சுல்ல? சட்டையப் போடுங்க. சேலம் போலாம்" என்றார். அவர் சட்டையை எடுக்கப் போனார்.

சேலத்தில் நரம்பு மருத்துவர் ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டாராம். "எங்க குதிரை டாக்டரம்மா" என்று சரசு சொன்னாராம். முதுகெலும்பின் அடிப்பகுதியில் எலும்புகளுக்கு இடையிலிருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்துக்குப் பலம் திரும்பவே திரும்பாது என்று சொல்லி, அடுத்த வாரமே அறுவை செய்தார்கள். லாரி அந்தத் திங்கட்கிழமை கிளம்பவில்லை. பத்து நாள் கழித்து வேறு டிரைவரோடு கிளம்பியது. எட்டுப் பேரும் அதில்தான் போனார்கள்.

முத்துராசுவின் பாதத்துக்கு மெல்ல மெல்லப் பலம் திரும்பி வந்தது. பெருவிரல் மட்டும் இன்றைக்கும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இப்போது டிரைவர் சீட்டுக்கு வேறு ஆள். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டே போகிறாராம். அந்த டிரைவர் பாவம்தான்.

அறுவை முடிந்த எட்டாம் மாதம், மருத்துவர் சரி என்றபின், மறுபடி மைனாமேல் ஏறினார். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் கூப்பிட்டார், போனேன். முழு ஆளும் முழுக் குதிரையும் தெரிய வீடியோ எடுத்தேன். கோடு அவர் முதுகின் வழியே ஏறக்குறைய நேராகப் போனது. மைனாவின் இடது பின்னங்கால் தன் இடத்தில் அழகாக விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சரசு பலகாரம் கொண்டுவந்தார்; ஒரு தட்டை முழுவதும் நானே காலி செய்தேன்.

"பழைய வீடியோ இருக்குதுங்களா? நான் எப்பிடி ஒக்காந்திருந்தேன்னு பாக்கோணும்" என்று கேட்டார் முத்துராசு.

"உங்கள நான் எடுக்கவேயில்லீங்க. அதுல மைனா காலு மட்டுந்தான் இருக்குது" என்றேன். வெட்கமாக இருந்தது.

"பரவால்லீங்க, போடுங்க."

போட்டேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். நான் குட்டை அடி என்று கோடு போட்ட அந்த இடது பின்னங்கால், வயிற்றுக்கு அடியில் உள்வாங்கி ஊன்றியது. மறுபடி ஊன்றியது. அந்த வெள்ளிக்கிழமை வீடியோவில் ஆள் எந்தப் பக்கம் சரிந்தாரோ அந்தப் பக்கம், அதே நொடியில். அவர் ஒருமுறைகூட விழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முத்துராசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நொண்டலீங்க டாக்டரம்மா. என்னையத் தாங்கிப் புடிச்சிருக்குது" என்றார். குரல் உடைந்துவிட்டது. எழுந்து போய் மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நானும் போய் அதன் நெற்றியைத் தடவலாமென்று கையை நீட்டினேன். மைனா காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டியது. ஆறு ஊசி அல்லவா! இன்றைக்கும் என்னைக் கண்டால் அப்படித்தான். நியாயம் அதன் பக்கம் இருக்கிறது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.